டீச்சர் வீட்டுச் சுவரில் ஒரு குடை

போன சனிக்கிழமை எங்கள் தெருவில் ஒரு சுவருக்கு வெள்ளையடித்தார்கள்.

அவ்வளவுதான் செய்தி. இதற்கு ஒரு பக்கமா என்று கேட்பீர்கள். கேளுங்கள்... நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மறுநாள் காலை பால் பாக்கெட்டுடன் திரும்பி வந்தவள், அந்தச் சுவருக்கு எதிரே அப்படியே நின்றுவிட்டேன். மழை ஓய்ந்து நாலு நாளாக நல்ல வெயில். முருங்கை மரத்தின் நிழல் அந்தப் புது வெள்ளையின் மேல் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. ஈரச் சுண்ணாம்பின் வாசனை வேறு. பாக்கெட்டிலிருந்து தண்ணீர் சொட்டி என் காலை நனைத்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருடமாக அந்த இடத்தில் ஒரு குடை இருந்தது. நீலக் குடை. இப்போது இல்லை.

என்னை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்ப்பேன். அம்பத்தூர் எஸ்டேட் ஸ்டாப்பில் இறங்கி ஆபீஸ் போக வேண்டியவள், அதைத் தாண்டி ஓ.டி. ஸ்டாப் வரை போய்த் திரும்பியது எத்தனையோ தடவை. "உனக்கு மட்டும் டிக்கெட்டை ரெண்டு பக்கமும் சேர்த்தே கொடுக்கச் சொல்லலாம்" என்பார் என் கணவர். அப்படி ஜன்னலோரம் நான் கண்ட பகல் கனவுகளில் பாதி, இந்தச் சுவரைப் பற்றியதுதான்.

நாங்கள் இங்கே குடிவந்தது எண்பதுகளின் நடுவில். குமணன்சாவடிக்கும் திருவேற்காட்டுக்கும் இடையே, நெல் விளைந்த பூமியில் கல் நட்டு மனை பிரித்திருந்தார்கள். வெளிப்பூச்சு முடியாத வீட்டில் பால் காய்ச்சிக் குடியேறினோம். கரண்ட் வந்தது. கொசு வந்தது. கேபிள் டி.வி.கூடப் பின்னால் வந்துவிட்டது. குடிதண்ணீர் மட்டும் வரவில்லை.

கிணறு வெட்டியவர்களுக்கெல்லாம் உப்புத் தண்ணீர்தான். பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. குடிப்பதற்கு, நகரைத் தாண்டி ஒரு தோட்டத்துப் பம்புசெட்டுக்குப் போக வேண்டும். மோட்டார் ஓடும் நேரம் பார்த்துப் போக வேண்டும். வரப்பில் இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம் என்று வரிசையாகப் பெண்கள் நடந்து வருவோம். ஊருக்குள்ளே மேல்நிலைத் தொட்டி இருந்தது. தெருவுக்குத் தெரு குழாய் இருந்தது. அந்தக் குழாய் எங்கள் நகரின் எல்லையில் வந்து நின்றுவிட்டது.

அந்த நாட்களில் எனக்கு அடிக்கடி ஒரு கனவு வரும். பெரிய கனவெல்லாம் இல்லை. வாசலில் ஒரு குழாய். அதைத் திறக்கிறேன். முதலில் புஸ்ஸென்று காற்று... அப்புறம் தண்ணீர். பித்தளைக் குடத்தின் அடியில் விழும்போது ஒரு சத்தம், குடம் நிறைய நிறைய வேறு சத்தம். அவ்வளவுதான் கனவு. விழித்துப் பார்த்தால் பம்புசெட்டுக்குப் போகும் நேரமாகியிருக்கும்.

சுவருக்குச் சொந்தக்காரர் மேரி டீச்சர். பூந்தமல்லியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவர். எங்களுக்கு முன்னாலேயே இங்கே வீடு கட்டிக் குடியேறிய குடும்பம். அவருடைய கணவர் சூசை சாருக்கு ஆவடியில் ஷிஃப்ட் வேலை. பேச்சு குறைவு, அந்த வீட்டில் பேசவேண்டியதை டீச்சரே பேசிவிடுவார்.

நாங்கள் வந்த கொஞ்ச நாளில் ஊராட்சித் தேர்தல் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் பூசை முடிந்து கோயிலிலிருந்து வந்து பார்த்தால், அவருடைய புத்தம்புது காம்பவுண்டுச் சுவரில் யாரோ எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. பெரிய நீலக் குடை. பக்கத்தில் கொட்டை எழுத்தில் —

'உங்கள் தணிகாசலம். சின்னம் குடை. வென்ற ஆறே மாதத்தில் வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய்!'

தண்ணீர் தருகிறேன் என்கிறவருக்குக் குடைச் சின்னம். யார் ஒதுக்கினார்களோ!

சத்தம் போடப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். டீச்சர் போடவில்லை. வெயிலில் நின்று நிதானமாகப் படித்தார். "ஆறு மாசம்னு எழுத்துல குடுத்திருக்கார் வசந்தி. பார்க்கலாம்" என்றார்.

தணிகாசலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளூர்க்காரர். நாங்கள் வீடு கட்டியிருக்கும் மனைகளில் பாதி, ஒரு காலத்தில் அவர் குடும்பத்து வயல். கெட்டவர் என்று சொல்ல எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். பெஞ்சும் சாமியானாவும் அவர் சொல்லித்தான் வரும். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தால் பந்தியில் பரிமாறிவிட்டுத்தான் போவார். ஓட்டு வேறு யாருக்குப் போடுவோம்? ஜெயித்தார்.

ஆறு மாதம் ஆயிற்று. ஒரு வருடம் ஆயிற்று. கேட்டால், "மனு குடுத்துகினேதான் கீறேன்மா. மேல பாஸ் ஆவணும்" என்பார். யாருக்கு மனு, மேலே என்றால் எங்கே? எங்களுக்குத் தெரியாது. ஊராட்சித் தலைவரால் என்ன முடியும், என்ன முடியாது என்று அவருக்காவது தெரியுமா என்பதும் எங்களுக்குத் தெரியாது.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு டீச்சர் வீட்டில் வெள்ளையடித்தார்கள். வீடு முழுக்கப் பளிச்சென்று இருக்க, சுவரில் அந்த இடத்தை மட்டும் சதுரமாக விட்டிருந்தார்கள்.

"என்ன டீச்சர், சுண்ணாம்பு பத்தலையா?" என்று கேட்டேன்.

"கணக்கைத் தப்பாப் போட்ட பையன் எந்திரிச்சி வந்து போர்டு முன்னாடி நின்னு பதில் சொல்லணும். அதுவரைக்கும் நான் போர்டை அழிக்க விட மாட்டேன். என் கிளாஸ்ல அதுதான் வழக்கம்" என்றார். "அடுத்த எலெக்ஷன்ல ஓட்டு கேக்க இந்த வழியாத்தானே வரணும்? இந்தச் சுவத்து முன்னாடி நிக்க வெச்சு, சத்தமாப் படிக்கச் சொல்வேன். 'ஆறு மாசம் ஆச்சா சார்?'னு ஒரே ஒரு கேள்வி."

எனக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று. அன்றே என் பகல் கனவில் அந்தக் காட்சி சேர்ந்துவிட்டது. தணிகாசலம் மாலையும் கழுத்துமாக வருகிறார், டீச்சர் கேட்டைத் திறக்கிறார், தெரு நிசப்தமாகிறது... எஸ்டேட் தாண்டி ஓ.டி. வரைக்கும் ஓடுகிற அளவுக்கு நீளமான காட்சி.

ஆனால் எழுத்து நிற்க வேண்டுமே! இரண்டு மழைக்காலம் போனதும் நீலம் வெளுத்துவிட்டது. டீச்சர் விடவில்லை. அடுத்த கிறிஸ்துமஸுக்குத் தானே பிரஷ்ஷை எடுத்தார். ஸ்டூலைப் போட்டு நின்று, எழுத்தின் மேலேயே எழுத்தாக, ஒரு புள்ளி விடாமல் நீலத்தை இழுத்தார். குடையையும் வரைந்தார்.

"குடை எதுக்கு டீச்சர்?"

"சாட்சியில பாதியை அழிக்கக் கூடாது வசந்தி."

அதிலிருந்து வருடா வருடம் அது ஒரு சடங்காகிவிட்டது. கேக்கு, ஸ்டார், குடை. சூசை சார் ஏணியைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விடுவார். புதுச் சுண்ணாம்புக்கு நடுவே அந்த நீலம் அவ்வளவு அழகாக இருக்கும். மழை நாளில் பார்த்தால், அந்தக் குடைக்குக் கீழே போய் நிற்கலாம் போலத் தோன்றும்.

சரி, தேர்தல் வந்ததா? அதுதான் வேடிக்கை. டில்லிக்குத் தேர்தல் வந்தது. கோட்டைக்குத் தேர்தல் வந்தது. ஊராட்சிக்கு மட்டும் வரவில்லை. தணிகாசலத்தின் பதவிக்காலம் முடிந்தது, நாற்காலி காலியாயிற்று, ஆபீசர் ஒருவர் பார்த்துக்கொள்கிறார் என்றார்கள். அந்த ஆபீசரை நாங்கள் பார்த்ததில்லை. தேர்தல் இதோ வருகிறது, அதோ வருகிறது என்றார்கள். டீச்சர் வருடா வருடம் பிரஷ்ஷைத் தோய்த்துக்கொண்டு காத்திருந்தார்.

தண்டிப்பதற்கென்று கையில் ஒரு ஓட்டை வைத்துக்கொண்டு, தண்டிக்கும் நாளே வராமல் ஒருவர் பத்து வருடம் காத்திருப்பது எப்படிப்பட்ட விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். கோபத்தைக்கூட ஊறுகாய் மாதிரிக் கிளறிக் கிளறி வைக்க வேண்டியிருக்கிறது.

இதற்கிடையில் ஒரு நாள், பம்புசெட்டிலிருந்து வரும் வழியில் டீச்சர் வரப்பில் வழுக்கி விழுந்தார். குடம் உடைந்தது போகட்டும், இடுப்பில் பிடித்துக்கொண்டது. கனம் தூக்கவே கூடாது என்றார் டாக்டர். தூக்காமல் யார் தூக்குவது? சூசை சாருக்கு நைட் ஷிஃப்ட் வந்தால் டீச்சர்தான் போக வேண்டும். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவார். நான் ஒரு குடம் கொண்டுவந்து வைத்தால் கோபித்துக்கொள்வார்.

ஒரு வழியாகத் தேர்தல் வந்தது. பத்து வருடத்தில் எங்கள் நகர் பழைய நகராகவே இல்லை. காலி மனைகளில் எல்லாம் வீடு. ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு மூன்று குடித்தனம். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் ஆவடிக்கும் வேலைக்கு வந்த புது ஜனங்கள். எங்கள் எதிர்வீட்டு மாடிக்கு வந்த ரமேஷ் அதில் ஒருவர். திருநெல்வேலிப் பக்கம். எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை. தங்கமான பிள்ளை. பேப்பர் படிக்காமல் காபி குடிக்க மாட்டார்.

தணிகாசலம் மறுபடியும் நின்றார். மறுபடியும் குடை. ஓட்டுக் கேட்டு எங்கள் தெருவுக்கு வருகிறார் என்று காலையிலேயே தகவல் வந்தது. டீச்சர் அன்றைக்கு லீவு போட்டார். கஞ்சி போட்ட காட்டன் புடவை கட்டிக்கொண்டார். நானும் லீவு. என் கனவுக் காட்சி கண் முன்னால் நடக்கப்போகிறது, ஆபீஸாவது ஒன்றாவது!

தாரை தப்பட்டையோடு வந்தார். ஆள் மெலிந்திருந்தார். தலை முழுக்க நரை. டீச்சர் கேட்டைத் திறந்துகொண்டு போய்ச் சுவருக்குப் பக்கத்தில் நின்றார். தப்பட்டை நின்றது. தெரு நிசப்தமாயிற்று. எல்லாம் நான் கண்ட கனவு மாதிரியே...

"வாங்க. ஓட்டு அப்புறம் கேக்கலாம். முதல்ல இதைப் படிங்க" என்றார் டீச்சர்.

"இன்னா டீச்சர்?"

"சுவத்துல இருக்கறதைப் படிங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

தணிகாசலம் சுவரைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கணீரென்று படித்தார்.

"வென்ற ஆறே மாதத்தில்... வீட்டுக்கு வீடு... குடிநீர்க் குழாய்!"

கைதட்டல்!

ஆமாம், தெருவே கை தட்டியது. மாடியிலிருந்து தட்டினார்கள். திகைத்துப்போய் நான் திரும்பிப் பார்க்கிறேன், ரமேஷும் தட்டுகிறார். "குடைக்கே!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். புது ஜனங்களுக்கு அந்த எழுத்தின் வயது எப்படித் தெரியும்? போன கிறிஸ்துமஸுக்குப் பூசிய நீலம் புதுசாக மின்னிக்கொண்டிருந்தது.

டீச்சர் வாயைத் திறந்தார். அதற்குள் தணிகாசலத்தின் கண்ணில் தண்ணீர்.

"பாத்துகினீங்களா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "பதவி போயி இத்தினி வருசமாச்சு. என் ஊட்லயே என்னை எவனும் சட்டை பண்றதில்ல. இந்தப் பக்கம் போவும்போதெல்லாம் இந்தச் சுவத்தைப் பாப்பேன். நமக்கோசரம் ஒரு டீச்சரம்மா வருசா வருசம் நம்ம பேரைப் புதுப்பிச்சிகினு கீறாங்களேன்னு நெனச்சிக்குவேன். அந்தத் தெம்புலதான் இன்னிக்கு நிக்கிறேன்!"

சொல்லிவிட்டு, யாரோ தனக்குப் போட்டிருந்த பொன்னாடையை எடுத்து டீச்சரின் தோளில் போர்த்தினார். தப்பட்டை மறுபடி ஆரம்பித்தது. பத்து வருடமாக வைத்திருந்த அந்த ஒரே ஒரு கேள்வி சத்தத்தில் எங்கேயோ முங்கிப்போயிற்று. கூட்டம் அடுத்த தெருவுக்கு நகர்ந்த பிறகும் டீச்சர் பொன்னாடையோடு அங்கேயே நின்றிருந்தார். சிரிப்பதா அழுவதா என்று எனக்கே தெரியவில்லை. அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

தணிகாசலம் ஜெயித்தார். எங்கள் நகர் ஓட்டில்தான் ஜெயித்தார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

பஸ் ஸ்டாப்பில் ரமேஷைப் பிடித்தேன். "ஏன் தம்பி, அவருக்குத்தான் போட்டீங்களா?"

"ஆமாக்கா. நின்னவங்கள்ல அவர் பேரு ஒண்ணுதான் எனக்குத் தெரியும். டீச்சர் படிச்சவங்க. இத்தனை வருஷமா ஒருத்தருக்கு விசுவாசமா இருக்காங்கன்னா, அவர் ஏதோ நல்லது செஞ்சிருக்கணும்லா?"

"அப்போ தண்ணி எங்கே தம்பி?"

"அதான் வரும்னு எழுதியிருக்கேக்கா!"

அவரைக் குறை சொல்ல முடியுமா? கத்தரிக்காய் வாங்கும்போது காம்பைத் திருப்பிப் பார்க்கிறோம். முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்கிறோம். ஓட்டுப் போடும்போது எதைத் திருப்பிப் பார்ப்பது? ஒரு பெயர் தெரியும். ஒரு சின்னம் தெரியும். நம்பத் தகுந்த ஒருவர் அவரை நம்புகிறார் என்று தோன்றுகிறது. அந்த ஒருவர் நம்பவில்லை, காத்திருக்கிறார் என்பது மட்டும் தெரியாது. தணிகாசலத்தை எதிர்த்து நின்றவர் பெயர் என்ன என்று இப்போது என்னைக் கேட்டால், நானும் ஜன்னலுக்கு வெளியேதான் பார்க்க வேண்டும்.

அதற்கப்புறம் இரண்டு வருடம் ஓடிவிட்டது. மனு, மேலே, பாஸ். எல்லாம் பழையபடி. டீச்சர் சுவரைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். பழக்க தோஷமோ என்னவோ, கிறிஸ்துமஸ் வந்தால் குடையையும் எழுத்தையும் மட்டும் விடாமல் வரைந்துகொண்டிருந்தார்.

இப்போது போன சனிக்கிழமைக்கு வருகிறேன். வெள்ளையடிக்கிற ஆள் வழக்கம்போல அந்தச் சதுரத்தை விட்டுவிட்டு இறங்கப் பார்த்திருக்கிறார். "அதையும் சேர்த்து அடிச்சிடுங்க" என்றாராம் டீச்சர்.

ஞாயிற்றுக்கிழமை, பால் பாக்கெட்டும் கையுமாக நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று சொன்னேன் அல்லவா? டீச்சர் கோயிலிலிருந்து வந்தார்.

"என்ன டீச்சர் இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றேன்.

"முடியல வசந்தி" என்றார். "ஸ்டூல் மேல ஏறினா இடுப்பு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. யாருக்காக வரையணும்? நானே அவருக்கு போஸ்டர் ஒட்டிக்கிட்டு இருந்திருக்கேன். போதும்."

எத்தனையோ வருடத்தில் அவர் தோற்றுப்போன மாதிரிப் பேசி நான் கேட்டதில்லை. பால் பாக்கெட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன். அப்போதுதான் ஒரு மொபெட் சத்தம் கேட்டது.

தணிகாசலம். எங்கேயோ துக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தார் போலிருக்கிறது, ஹேண்டில்பாரில் மாலை தொங்கியது. எங்களைத் தாண்டிப் போனவர் சடாரென்று பிரேக் போட்டார். காலை ஊன்றியபடியே வண்டியைப் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தார். சுவரைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

"இன்னா டீச்சர் இது?"

"கிறிஸ்மஸ் வருதுல்ல."

"அது வருசா வருசம் வருதே... அப்பல்லாம் இதை மட்டும் உட்டுட்டு அடிப்பீங்க?"

டீச்சர் கேட்டின் கொண்டியில் கை வைத்தார்.

"பெயிண்டருக்குக் கஷ்டம்னா சொல்லுங்க, நம்ம ஆளு ஒருத்தன் கீறான். மத்தியானமே அனுப்பறேன்."

"வேணாம்."

தணிகாசலம் மொபெட்டை ஸ்டாண்ட் போட்டு இறங்கினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "என் மேல எதுனா கோவமா? நான் இன்னா தப்பு பண்ணேன் டீச்சர்?"

பாருங்கள்... எத்தனை வருடம்! ஒரு தேர்தல் வரவே வராமல் போயிற்று. இன்னொன்று வந்து பொன்னாடை போர்த்திவிட்டுப் போயிற்று. தணிகாசலத்தின் வாயிலிருந்து அதுவரை வராத 'என்ன தப்பு பண்ணேன்' என்ற கேள்வி, ஒரு வாளிச் சுண்ணாம்புக்கு வந்துவிட்டது.

டீச்சர் அவரையே பார்த்தார். கேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு காலிக் குடங்கள் இருந்தன. அதைப் பார்த்தார். "இடுப்பு வலி சார். குடம் தூக்கித் தூக்கி வந்தது. அதான் குடை வரைய முடியல" என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார்.

தணிகாசலம் குடங்களைப் பார்த்தார். தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். துக்க வீட்டுக்கான திசையில் போகவில்லை, வந்த வழியே திரும்பிப் போனார்.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பேச்சு. டீச்சரே குடையை அழிச்சிட்டாங்களாம்! மளிகைக் கடையில் ரமேஷ் என்னைப் பிடித்துக்கொண்டார். "என்னக்கா ஆச்சு? தணிகாசலம் அண்ணாச்சி அப்படி என்னதான் செஞ்சாரு?"

"ஒண்ணும் செய்யலை தம்பி" என்றேன்.

"ஒண்ணுமேயா?"

"ஒண்ணுமே."

அவர் முகத்தில் ஏதோ புரிந்த மாதிரி இருந்தது. கடையில் நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். 'என்ன செய்தார்?' என்ற கேள்வி எங்கள் நகரில் முதல் முதலாகக் கேட்கப்பட்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். எழுதி வைத்திருந்த வரைக்கும் யாரும் கேட்கவில்லை. வெறும் சுவரைப் பார்த்ததும் கேட்கத் தோன்றிவிட்டது.

புதன்கிழமை கடப்பாரையோடு ஆட்கள் வந்தார்கள். நகரின் எல்லையிலிருந்து பள்ளம் தோண்டிக்கொண்டே வந்தார்கள். பின்னாலேயே குழாய் வந்தது. மேலே, பாஸ் என்பதெல்லாம் எங்கே போயிற்று? அடுத்த தேர்தலுக்கு இன்னும் இரண்டு மூன்று வருடம் இருக்கிறது. இருந்தாலும் தணிகாசலம் குடை இல்லாமல் பள்ளத்தின் ஓரத்தில் வெயிலில் நின்று வேலை வாங்கினார்.

நேற்று சாயங்காலம் நான் கேட்டருகில் நின்று, வழக்கம்போல எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சத்தம் கேட்டது. முதலில் புஸ்ஸென்று காற்று. அப்புறம்... பித்தளைக் குடத்தின் அடியில் விழுகிற சத்தம். நான் அசையவே இல்லை. அசைந்தால் விழித்துக்கொள்வேனோ என்று பயம். பிறகுதான் அது டீச்சர் வீட்டு வாசலிலிருந்து வருகிறது என்று புரிந்தது. ஓடினேன்.

டீச்சர் படியில் உட்கார்ந்து, குடம் நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிறைந்து வழிந்தது. அவர் குழாயை மூடவில்லை. கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அதையும் துடைக்கவில்லை. சூசை சார் வந்து குழாயை மூடினார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. வெட்கமெல்லாம் படவில்லை.

தணிகாசலம் கொஞ்சம் தள்ளி நின்று, அந்த வெள்ளைச் சுவரை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "டீச்சர்... ஒரே ஒரு வரி எழுதிக்கட்டுமா? சின்னதா."

"ஆறு மாசம் ஒழுங்கா வரட்டும். அப்புறம் நானே எழுதறேன்" என்றார் டீச்சர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. பழைய டீச்சர் திரும்பி வந்துவிட்டார்.

எல்லாம் சரி. ஒரே ஒரு சங்கடம். பள்ளம் டீச்சர் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. அதற்கு அந்தப் பக்கம் நாலு வீடு தள்ளி இருப்பவள் நான். கேட்டால், மனு கொடுத்திருக்கிறாராம்.

என் வீட்டுச் சுவரில் அழிப்பதற்கு எதுவும் கிடையாது. அதனால், கையோடு நீலம் வாங்கி வந்துவிட்டேன். இந்தப் பத்தியை முடித்ததும் முதல் வேலை, ஒரு குடை வரைய வேண்டும்.